சேவலை மட்டும் சுடு: தெற்கு டகோட்டா பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, ரெட்ஃபீல்ட்

மினியாபோலிஸில் 212-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும், மேற்கே ஓட்டிக்கொண்டே இருந்தால் ரெட்ஃபீல்ட் வந்துவிடும். கிரானைட் ஃபால்ஸ், மான்டிவிடியோ, அப்புறம் மாநில எல்லை, வாட்டர்டவுன், கிளார்க், டோலண்ட். காபிக்கு நிறுத்தியதையும் சேர்த்து ஐந்தரை மணி நேரம் ஆனது. வாட்டர்டவுன் பக்கம் குட்டையும் மேடுமாக இருந்த நிலம், கிளார்க்கைத் தாண்டி இறங்கியதும் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடுகிறது. பனியுகத்தின் கடைசியில் இங்கே பெரிய ஏரி ஒன்று இருந்தது. நாங்கள் வண்டி ஓட்டியது அதன் அடித்தரையில். இரண்டு பக்கமும் மக்காச்சோளம். பாதியை அறுத்திருக்கிறார்கள், பாதி இன்னும் நிற்கிறது. நிற்பதைப் பார்த்து நண்பர் முகம் சுளித்தார். "அதை அறுக்கிற வரைக்கும் பறவையெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும். வெளியே வராது."

வந்திருப்பது ஃபெசன்ட் வேட்டைக்கு. கோழி இனத்தைச் சேர்ந்த காட்டுப் பறவை அது. நண்பர் என்னோடு வேலை பார்ப்பவர். அவருடைய அப்பாவின் பண்ணை இந்த ஊருக்கு வெளியே இருக்கிறது. வருடா வருடம் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை பருவம் திறந்ததும் லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார். "ஒரு தடவை வந்து பாரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்த வருடம் சரி என்றேன்.

ஃபெசன்ட் இந்த நாட்டுப் பறவையே இல்லை. 1880-களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து கப்பலேறி ஓரிகனுக்கு வந்தது. தெற்கு டகோட்டாவில் நிலைகொண்டது 1908, 1909 வாக்கில், இதே ஸ்பிங்க் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி). பத்தே வருடத்தில் அவ்வளவு பெருகி, 1919-ல் முதல் வேட்டைப் பருவத்தை அறிவித்தார்கள்: ஒரே ஒரு நாள், இந்த ஒரு கவுன்டியில் மட்டும். 1943-ல் அதுவே மாநிலப் பறவை ஆகிவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வடக்கே அபர்டீன் ரயில் நிலையத்தில் வண்டி மாறும் சிப்பாய்களுக்கு உள்ளூர்ப் பெண்கள் ஃபெசன்ட் சாண்ட்விச் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். சீனாவிலிருந்து வந்த பறவைக்கு இத்தனை மரியாதை! விசா முத்திரைக்கே மாதக்கணக்கில் அலையும் எனக்கு அதன் மேல் லேசான பொறாமை.

விசா என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்கு இருக்கும் விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கிரீன் கார்டு வந்துவிட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் உரிமத்தை முதலில் எடுங்கள், துப்பாக்கியைத் தொடுவது அப்புறம். சந்தேகமிருந்தால் உங்கள் குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் மினசோட்டா உரிமத்தை வாங்கிப் பர்ஸில் வைத்த பிறகுதான் குறி பழகவே போனேன். 1979-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த உரிமம் கிடைக்கப் பொதுவாகத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கோடை முழுக்க, காற்றில் எறியும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகினேன். பெயர்தான் களிமண், உண்மையில் சுண்ணாம்புத்தூளும் தார் போன்ற கீலும் சேர்த்து அச்சில் வார்த்த தட்டு. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து. பயிற்சியாளர் முதலில் பார்த்தது என் கண்ணை. இரண்டு கையையும் நீட்டி விரல்களால் ஒரு சின்ன முக்கோணம் செய்து, அதன் வழியாகத் தூரத்துக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் கம்பம் நகர்கிறதோ அதுதான் ஆளும் கண். எனக்கு வலது, அதனால் வலது தோளிலேயே துப்பாக்கி. இடதாக இருந்திருந்தால் தோளையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். ரைபிளில் குறி வைப்பார்கள். சின்னச் சின்ன குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன்னில் அப்படி இல்லை. குழலைப் பார்க்கவே கூடாது, கண் தட்டின் மேலேயே இருக்க வேண்டும். துப்பாக்கியின் பின்கட்டை கன்னத்தில் ஒட்டியிருக்க வேண்டும். தட்டைத் தாண்டிக் குழல் போகும்போது விசையை அழுத்தி, அழுத்திய பிறகும் குழலை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நிறுத்தினால் குண்டு பின்னால் போய்விடும்.

விடுதிக் கதவில் ஒரு அறிவிப்பு: "தயவுசெய்து அறைக்குள் பறவைகளைச் சுத்தம் செய்யாதீர்கள்." அதற்கென்று பின்பக்கம் தனிக் கொட்டகை வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி இரவு

காலை பத்து மணிக்கு முன்னால் இங்கே ஃபெசன்ட்டைச் சுடக்கூடாது. ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்த எனக்கு இது பெரிய சோதனை. பண்ணை வீட்டுச் சமையலறையில் நண்பரின் அப்பாவும் அக்காவும் இருந்தார்கள். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அக்கா பள்ளி ஆசிரியை. வீட்டிலேயே குறி தவறாதவர் அவர்தான் என்று நண்பரே ஒப்புக்கொண்டார். மேசைக்கடியில் ரோசி, மஞ்சள் லேப்ரடார், என் பூட்ஸை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

பெரியவர் ஒரு ஆரஞ்சு அங்கியையும் தொப்பியையும் என் பக்கம் தள்ளினார். ஃபெசன்ட் வேட்டைக்கு இந்த மாநிலத்தில் ஆரஞ்சு கட்டாயமில்லை. ஆனால் ஆரஞ்சு போடாதவர் அவர் நிலத்தில் கால் வைக்க முடியாது. காபி ஊற்றிக்கொண்டே விதிகளைச் சொன்னார். வரிசையாக நடக்க வேண்டும், யாரும் முந்தக் கூடாது, பிந்தக் கூடாது. வேலி தாண்டும்போது துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவை எடுத்துவிட வேண்டும். சேஃப்டியை, அதாவது விசைப் பூட்டை, எடுப்பது துப்பாக்கி தோளுக்கு ஏறும்போதுதான், அதற்கு ஒரு நொடி முன்னால்கூடக் கிடையாது. கடைசியாக ஒன்றை இரண்டு முறை சொன்னார்: "பறவைக்குக் கீழே வானம் தெரியணும். புல் தெரிஞ்சா சுடாதே. புல்லுக்குள்ளே என் நாய் இருக்கும், அந்தப் பக்கம் என் மகள் இருப்பாள்."

பத்து அடித்ததும் இறங்கினோம். காற்று வடமேற்கிலிருந்து வந்தது. காற்றை எதிர்த்து நடந்தால்தான் நாய்க்கு வாசனை கிடைக்கும். இடது பக்கம் இடுப்பளவு புல், வலது பக்கம் நீளமாக ஒரு துண்டுச் சோளம். மக்காச்சோளம் இல்லை, நம் ஊர்ச் சோளமேதான், செம்பழுப்புக் கதிரோடு. இங்கே அதற்குப் பெயர் மைலோ. பறவைகள் குளிர்காலத்தில் தின்னட்டும் என்று விதைத்து, அறுக்காமலே விட்டிருக்கிறார் பெரியவர். நம்மூரில் தினைப்புனத்தில் கவண் வீசிக் கிளி ஓட்டியது பாட்டிலேயே ஏறிவிட்டது. இங்கே பறவைக்கென்றே பயிர் வைக்கிறார்கள், பிறகு அதே பறவையைச் சுட வருகிறார்கள். இதில் முரண் இருப்பதாக இங்கே யாருக்கும் தோன்றவில்லை. நடக்க நடக்க எனக்கும் அவ்வளவாகத் தோன்றவில்லை.

நாங்கள் இருவரும் அக்காவும் பதினைந்து இருபது அடி இடைவெளியில் நடந்தோம். பெரியவர் வண்டியில் சுற்றிப் போய் வயலின் மறுகோடியில் நின்றுகொண்டார். காரணம் இருக்கிறது. ஃபெசன்ட்டுக்குப் பறப்பதைவிட ஓடுவதுதான் பிடிக்கும். மனிதர் வருவது தெரிந்தால் புல்லுக்குள்ளேயே ஓடிக்கொண்டே போய் மறுமுனையில் வெளியேறிவிடும். அங்கே ஓர் ஆள் நின்றால்தான் ஓட இடமில்லாமல் எழும்பும். வேகமாக நடந்தாலும் பயனில்லை, பதுங்கியிருப்பதைத் தாண்டிப் போய்விடுவோம். பத்தடி நடந்து சும்மா நிற்க வேண்டும். நாம் நின்றால் அதற்குத் தாங்காது, கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து எழும்பிவிடும்.

அப்படி நின்ற ஒரு தருணத்தில்தான் என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து முதல் பறவை கிளம்பியது. படபடவென்ற இறக்கைச் சத்தத்தில் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. "ஹென்! ஹென்!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். பழுப்பு நிறப் பெட்டை. யார் துப்பாக்கியும் மேலே ஏறவில்லை. பெட்டையைச் சுடுவது சட்டப்படி குற்றம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். அதனால் சேவல்களில் கணிசமானவற்றை எடுத்துவிட்டாலும் அடுத்த வசந்தத்தில் முட்டை குறையாது. பெட்டை போனால் ஒரு கூடே போய்விடும், பத்துப் பன்னிரண்டு முட்டையோடு. நூறு வருடத்துக்கும் மேலாக வேட்டையாடியும் பறவை தீராமல் இருப்பதற்கு இந்த விதி பெரிய காரணம். புதியவனுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. பறவை எழும்பி, அது சேவலா பெட்டையா என்று பார்த்து, கீழே வானம் தெரிகிறதா என்று பார்த்து, பக்கத்தில் யார் என்று பார்த்து முடிப்பதற்குள் அது பாதி வயலைத் தாண்டிவிடுகிறது.

இரண்டாவது எழும்பியது சேவல். சந்தேகமே வேண்டாம்: எழும்பும்போதே 'கொக்கொக்கொக்' என்று திட்டிக்கொண்டு எழும்புகிறது. கழுத்தில் வெள்ளை வளையம், முகத்தில் ரத்தச் சிவப்பு, பச்சைத் தலை, செம்பு நிற உடம்பு, பின்னால் நீள வால். ஆனால் உயரம் எடுக்காமல் புல்லுக்கு மேலே தாழ்வாகவே போனது, பின்னாலேயே ரோசி துள்ளித் துள்ளித் துரத்தியது. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

வயலின் முனையில் சோளம் முடியும் இடத்தில் ஒரே நேரத்தில் ஏழெட்டு எழும்பின. ஹென், ரூஸ்டர், ஹென், ஹென் என்று கூச்சல். எந்தப் பறவையைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் எதையும் சுடவில்லை. அக்கா சத்தமில்லாமல் ஒரு சேவலைத் தேர்ந்தெடுத்து, ஒரே வெடியில் இறக்கினார்.

என்னுடையது பிற்பகலில். குட்டையோரம் நாணலை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். ரோசியின் வால் திடீரென்று வேகமாக ஆடத் தொடங்கியது. "தயாரா இரு" என்றார் நண்பர். சேவல் நேர்மேலே கிளம்பி, ஒரு கணம் தயங்கி, வலது பக்கம் சாய்ந்தது. கீழே சுத்தமான வானம். முதல் வெடி அதற்குப் பின்னால் போனது. இரண்டாவதில் ஒரு சிறகு மடங்கி நாணலுக்குள் விழுந்தது. விழுந்ததுமே ஓடியிருக்கும், சிறகு மட்டும் அடிபட்ட ஃபெசன்ட்டை மனிதர் தேடினால் கிடைக்காது. ரோசி உள்ளே போனது. தண்ணீர்ச் சத்தம் தூரத்தில் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, எனக்கு நீளமாக இருந்தது. கடைசியில் வந்தது, வாயில் தலை தூக்கிய உயிருள்ள சேவலோடு, ஒரு பல்தடம்கூட இல்லாமல். பெரியவர் வாங்கி, ஒரே திருப்பில் கழுத்தை முடித்துவிட்டு என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. நினைத்ததைவிட எடை குறைவு.

காலில் இருக்கும் முள்ளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குட்டையாக, மொண்ணையாக இருந்தால் இந்த வருடக் குஞ்சு. நீண்டு கூராக இருந்தால் ஒரு குளிர்காலம் பார்த்தது. என்னுடையது மொண்ணை. இவற்றில் பெரும்பாலானவை ஒரு வயதைத் தாண்டுவதில்லையாம், வேட்டைக்காரன் வந்தாலும் வராவிட்டாலும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பாவம்டா" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பை ஞாபகப்படுத்தினேன். "அது வேற" என்றார். அது எப்படி வேறு என்று நானும் கேட்கவில்லை.

சனி இரவு

இன்று அரசு நிலம். பண்ணை வைத்திருக்கும் நண்பர் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது என்பதைப் பார்க்கத்தான் போனோம். மூன்று வகை நிலங்கள்: மாநில அரசின் வனவிலங்கு நிலங்கள், கூட்டாட்சி அரசின் நீர்ப்பறவை நிலங்கள், விவசாயிகளிடமிருந்து மாநிலம் குத்தகைக்கு எடுத்து, நடந்துபோய் வேட்டையாட எல்லோருக்கும் திறந்துவிட்ட வயல்கள். மாநில அரசின் வரைபடத்தில் எல்லாம் நிறம் பிரித்துக் காட்டியிருக்கிறது. எல்லைப் பலகையை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

தோட்டாவும் மாறியது. நேற்று ஈயம், இன்று ஸ்டீல். ஊரில் பால்ரஸ் என்பார்களே, அந்தச் சின்ன குண்டுகள்தான் தோட்டாவுக்குள் இருக்கும். வாத்துகள் இரை அரைபடுவதற்காகப் பொடிக்கல்லை விழுங்கும்போது குட்டையில் கிடக்கும் ஈயக்குண்டுகளையும் சேர்த்து விழுங்கி, விஷமேறிச் செத்துக்கொண்டிருந்தன. அதனால் 1991-லிருந்து நீர்ப்பறவை வேட்டைக்கு நாடு முழுக்க ஈயம் தடை. மாநில வனவிலங்கு நிலங்களிலும் கூட்டாட்சி நீர்ப்பறவை நிலங்களிலும் ஃபெசன்ட்டுக்கும் கூடாது. ஸ்டீல் எடை குறைவு, சீக்கிரம் வேகம் குறையும். அதனால் குண்டின் அளவில் இரண்டு நம்பர் பெரிதாக வாங்க வேண்டும்.

முதல் இடத்தில் ஏற்கெனவே மூன்று வண்டிகள் நின்றன, தாண்டிப் போனோம். ஒருவர் வண்டி நிற்கும் வயலுக்குள் இன்னொருவர் நுழைவதில்லை. இரண்டாவது இடத்தில் மதியம் வரை நடந்தோம். பெட்டைகள் மட்டும் எழும்பின. மனிதர் நடமாட்டம் அதிகமுள்ள நிலத்தில் மிஞ்சியிருக்கும் சேவல்கள் வண்டிக் கதவு மூடும் சத்தத்துக்கே ஓட்டமெடுத்துவிடும் என்றார் நண்பர். பூட்ஸ் கயிறு முழுக்க ஒட்டுமுள். ரோசியின் கால்விரல் இடுக்குகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தோம். பொறுமையாகக் காலைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தது.

நடந்ததெல்லாம் யார் பணத்தில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இன்றைய லாபம். வாத்து வேட்டைக்காரர்கள் வருடா வருடம் 25 டாலருக்கு ஒரு முத்திரை வாங்க வேண்டும், 1934-லிருந்து நடக்கிறது. அந்தப் பணம்தான் இந்தக் குட்டைகளை வாங்குகிறது. 1937-ல் வந்த இன்னொரு சட்டத்தால் ஷாட்கன்னுக்கும் தோட்டாவுக்கும் விற்பனையில் 11 சதவீதம் வரி. அது மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. ஆனாலும் ஃபெசன்ட்டின் தலையெழுத்தை எழுதுவது வேட்டைக்காரனில்லை, மக்காச்சோள விலை. 1985 விவசாயச் சட்டம், உழவைக் கைவிட்டுப் புல் வளர்க்கும் விவசாயிக்குப் பத்துப் பதினைந்து வருட ஒப்பந்தத்தில் வாடகை கொடுக்கத் தொடங்கியது. புல் வந்ததும் பறவையும் பெருகியது. பிறகு எத்தனால் எரிபொருளுக்காக மக்காச்சோள விலை ஏறியபோது பலர் ஒப்பந்தம் முடிந்த புல்லை உழுதுவிட்டார்கள், பறவையும் குறைந்தது. நண்பரின் அப்பாவே ஒரு பகுதியை உழுதவர்தான். "கடன் இருந்தது" என்றார், அவ்வளவுதான்.

ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கௌதாரியைச் சுட்டால் வழக்கு. கடையில் விற்கும் காடையும் பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை. அது சரியான சட்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இங்குள்ள முறையை அப்படியே அங்கே கொண்டுபோனால் ஒரு பருவம் தாங்காது. இங்கே ஆள் குறைவு, நிலம் அதிகம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கெடுப்பும் காவலும் ஒழுங்காக நடக்கிறது. மதியம் எங்கள் வண்டியை நிறுத்திய வனத்துறை அதிகாரி உரிமத்தையும் தோட்டாவையும் பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிப் போனார்.

சாயங்காலம் ஹூரான் போய் அங்குள்ள ஃபெசன்ட் சிலையைப் பார்த்தோம். 28 அடி உயரம், 22 டன், 1959-ல் வைத்தது. படம் எடுத்துக்கொண்டோம், வேறென்ன செய்ய?

ஞாயிறு, திரும்பும் வழியில்

காலையில் பண்ணையில் இன்னொரு நடை. நண்பருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று சேவல் எடுக்கலாம். யாரும் அந்தக் கணக்கை நிரப்ப அவசரப்படவில்லை.

சுத்தம் செய்வதை அக்கா கற்றுக்கொடுத்தார். தோலோடு இறகை உரித்துவிடுகிறார்கள். நம்மைப்போல் வெந்நீரில் முக்கி, இறகு பறித்து, மஞ்சள் தடவி வாட்டுவதெல்லாம் இல்லை. கழுத்தடியில் இருந்த தீனிப்பையைக் கத்தி நுனியால் கீறிக் காட்டினார். உள்ளே முழு முழு மக்காச்சோளம், நடுவில் சிவப்பாகக் கொஞ்சம் சோளம், நாலைந்து புல்விதை, பாதி நசுங்கிய ஒரு வெட்டுக்கிளி. காலையில் எந்த வயலில் மேய்ந்தது என்று இதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடுத்த நாள் அங்கே போக வேண்டியதுதான்.

ஊருக்குக் கொண்டுபோகும்போது தலை, கால், இறகோடு ஒரு சிறகு, இவற்றில் ஏதாவது ஒன்று உடம்போடு இருக்க வேண்டும், சேவல் என்று நிரூபிக்க. ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து முள்ளோடு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கி, தோட்டா இல்லாமல் உறைக்குள்.

திங்கள், வீடு

நெஞ்சுக்கறியையும் காலையும் பிரித்துச் சமைக்க வேண்டும் என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தார். கொழுப்பே இல்லாத கறி. நெஞ்சு இரண்டு நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தால் கட்டையாகிவிடும். காலில் ஓடி ஓடி முறுக்கேறிய நரம்புகள், குக்கரில் ஆறேழு விசில் விட்டால்தான் வழிக்கு வரும். முதலில் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குண்டு தேடினேன். குண்டு நுழைந்த இடத்தில் சின்ன இறகு ஒன்று உள்ளே இழுபட்டிருக்கும். இறகைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே குண்டும் வரும்.

நெஞ்சை மெல்லிசாக நறுக்கி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அப்போது இடித்த மிளகு போட்டு வறுவல். கால்கள் குழம்புக்கு. என் மனைவி ஒரு துண்டு எடுத்து மென்றுவிட்டு, "நாட்டுக்கோழிக்கும் இதுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு" என்றார். அடுத்த துண்டையும் எடுத்தார். மகள் வாலிறகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் தேடித் தப்பவிட்ட ஒரு குண்டு மாமனார் தட்டில் 'டிங்' என்று விழுந்தது, பல் தப்பியது.

நண்பரின் அக்கா செய்தி அனுப்பியிருக்கிறார்: பனி கொட்டிய பிறகு பறவையெல்லாம் நாணல் குட்டைக்குள் ஒதுங்கிவிடும், தண்ணீர் உறைந்திருக்கும், நடுவில் நடந்தே போகலாம், டிசம்பரில் வா. வெளிமாநிலத்தாருக்கான உரிமம் ஐந்து ஐந்து நாளாக இரண்டு தவணை, ஒன்று மிச்சமிருக்கிறது. குளிருக்கு நல்ல பூட்ஸ் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.